கவிழ்ந்த அலுமினிய டிப்பர் டிரெய்லர்: பழுது பார்ப்பதா, மறுபடி கட்டுவதா, எடைக்குப் போடுவதா?

சரக்கைக் கொட்டுவதற்காகப் பாடியைத் தூக்கிய வேளையில் ஒரு பக்கத்துச் சக்கரங்களின் கீழே மண் இறங்குகிறது. ஈரச் சரக்கு பாடியின் மேல்முனையில் ஒட்டிக்கொண்டு கீழே வர மறுக்கிறது. அடுத்த சில நொடிகளில் மொத்த டிரெய்லரும் பக்கவாட்டில் விழுந்துவிடுகிறது. அலுமினிய டிப்பர் டிரெய்லர்கள் சிதைவதற்குச் சாலை மோதல்களைப் போலவே இதுவும் வழக்கமான காரணம். கிரேன் வைத்துத் தூக்கி முற்றத்தில் நிறுத்திய பிறகு, உரிமையாளர் அதைச் சுற்றி இரண்டு முறை நடந்து பார்க்கிறார். பக்கச் சுவர் காகிதம் போலக் கசங்கியிருக்கிறது, மேல்விளிம்பு உள்ளே மடங்கியிருக்கிறது, பின்கதவு ஒரு கீலில் தொங்குகிறது. அந்தக் காட்சியை வைத்தே அவர் மனத்தில் முடிவு ஏறக்குறைய உருவாகிவிடுகிறது. பல ஆண்டுகளாக இத்தகைய வண்டிகளோடு பழகியவன் என்ற முறையில் நான் சொல்ல விரும்புவது, அந்தக் காட்சி பெரும்பாலும் தவறான முடிவுக்கே இட்டுச்செல்கிறது என்பதுதான். பார்க்கப் பயங்கரமாக இருக்கும் சுவர்ச் சேதம் பல நேரங்களில் எளிதில் சரியாகக்கூடியது. கண்ணுக்கே தெரியாத ஒரு விரல் அகல முறுக்கு, வண்டியின் ஆயுளையே முடித்துவிடக்கூடியது.

முன்னே இருக்கும் வழிகள் மூன்று. சேதமான பகுதிகளை மட்டும் வெட்டி எடுத்துப் பழுது பார்க்கலாம். ஆக்சில், சஸ்பென்ஷன் போன்ற நல்ல பாகங்களை வைத்துக்கொண்டு பாடியையோ சேசிஸையோ புதிதாகக் கட்டலாம். அல்லது வண்டியைக் கழித்து, பாகங்களாகவும் எடைக்கும் விற்று, வேறு டிரெய்லர் வாங்கலாம். மூன்றையும் எடைபோடுவதற்கு முன்பு, இந்த உலோகம் இரும்பிலிருந்து எங்கே வேறுபடுகிறது என்பதைத் தெளிவாகப் பார்த்தாக வேண்டும், ஏனெனில் இரும்பு வண்டியில் சரியாக இருக்கும் கணக்கு இங்கே அப்படியே பொருந்துவதில்லை.

அலுமினியத்தை எவரும் அழகுக்காகத் தேர்ந்தெடுப்பதில்லை. பத்து மீட்டர் நீளமும் 2.3 மீட்டர் அகலமும் கொண்ட அடித்தளத்தை 9.5 மி.மீ. அலுமினியத் தகட்டில் அமைத்தால் அதன் எடை ஏறக்குறைய 590 கிலோ. அதே அடித்தளத்தை 5 மி.மீ. எஃகுத் தகட்டில் அமைத்தால் ஏறக்குறைய 900 கிலோ. அலுமினியம் அதைவிட ஏறக்குறைய இருமடங்கு தடிமனாக இருந்தும் முந்நூறு கிலோ குறைவு, அதுவும் அடித்தளத்தில் மட்டும். சுவர், குறுக்குச் சட்டங்கள், பீம்கள் எல்லாம் சேரும்போது இந்த வேறுபாடு ஒவ்வொரு நடையிலும் கூடுதல் சரக்காக மாறுகிறது. ஆகவே அவசரத்துக்கு எஃகுத் தகடுகளையும் கனமான ஒட்டுகளையும் சேர்த்துச் செய்யப்படும் பழுது, வண்டியை ஓடச் செய்தாலும், அதை வாங்கிய காரணத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக அழித்துவிடுகிறது. பழுதுக்குப் பிறகு வெற்று வண்டியை எடைமேடையில் ஏற்றிப் பழைய எடையோடு ஒப்பிடும் பழக்கம் மிகச் சிலரிடமே உள்ளது. எல்லோரிடமும் இருக்க வேண்டிய பழக்கம் அது.

சூடு என்ன செய்கிறது

அலுமினிய டிரெய்லர் ஒன்றில் பொதுவாக இரண்டு குடும்பத்து உலோகக் கலவைகள் இருக்கும். சுவருக்கும் அடித்தளத்துக்கும் உரிய தகடுகள் பெரும்பாலும் மெக்னீசியம் கலந்த 5000 வரிசையைச் சேர்ந்தவை: 5083, 5086, 5454 போன்றவை. பீம்கள், மேல்விளிம்புக் குழாய்கள், அச்சின் வழியே அழுத்திப் பிதுக்கியெடுத்த நீளச் சட்டங்கள் ஆகியவை பெரும்பாலும் மெக்னீசியமும் சிலிக்கானும் கலந்த 6000 வரிசையைச் சேர்ந்தவை. அவற்றுள் 6061-டி6 மிகப் பரவலானது. முதல் குடும்பம் தன் வலிமையைத் தொழிற்சாலையில் குளிர்நிலையில் உருட்டப்பட்டதால் பெறுகிறது. இரண்டாவது, ஏறக்குறைய 530 டிகிரி வரை சூடேற்றி, சட்டென்று குளிர்வித்து, பிறகு குறைந்த சூட்டில் பல மணி நேரம் வைத்துப் பதப்படுத்தியதால் பெறுகிறது. இரண்டுக்கும் வெல்டிங் சூடு பகைதான்.

எண்களில் பார்த்தால் இதன் அளவு புரியும். 6061-டி6 நிரந்தரமாக வளையத் தொடங்கும் தகைவு (குறிப்பிட்ட பரப்பில் விழும் விசை) ஏறக்குறைய 276 மெகாபாஸ்கல். வெல்டிங் தையலிலிருந்து சுமார் 25 மி.மீ. வரை உள்ள பகுதியில் அது வடிவமைப்புக் கணக்குகளில் ஏறக்குறைய 105 மெகாபாஸ்கல் என்றே எடுத்துக்கொள்ளப்படுகிறது. 5454-எச்32 தகட்டில் 179 என்பது 83 ஆகிறது. அதாவது, மிகத் திறமையான வெல்டர், மிகச் சரியான வெல்டிங் கம்பியைக் கொண்டு, குறையே இல்லாத தையலைப் போட்டாலும், அதன் இருபுறமும் ஓர் அங்குல அகலத்துக்கு உலோகம் பாதி வலிமைக்கும் கீழே இறங்கிவிடுகிறது. பத்து மீட்டர் டிரெய்லரை மறுபடி உலையில் வைத்துப் பதப்படுத்த முடியாது. ஆகவே அலுமினியத்தில் பழுது என்பது முதன்மையாக, தையலை எங்கே போடுவது, எங்கே போடாமல் இருப்பது என்ற கேள்வி.

இன்னொரு வேறுபாடு, சூடு கண்ணுக்குத் தெரியாமல் இருப்பது. எஃகைக் கேஸ் டார்ச்சால் சூடேற்றினால் அது சிவந்து, எவ்வளவு சூடேறியது என்று தானே சொல்லிவிடும். அலுமினியம் சிவப்பதில்லை. தூய நிலையில் 660 டிகிரியிலும், 6061 போன்ற கலவைகள் அதற்கு முன்பே ஏறக்குறைய 580 டிகிரியிலும் உருகத் தொடங்கும் இந்த உலோகம், கடைசி நொடி வரை தன் வெள்ளி நிறத்திலேயே இருந்து திடீரென்று சரிந்துவிடும். இரும்பில் நல்ல பெயரெடுத்த ஒரு டிங்கரிங் தொழிலாளி, வளைந்துபோன 6061 பீமின் கீழ்ப்பட்டையைப் பழைய வழக்கப்படி டார்ச்சில் வாட்டி, ஜாக்கி கொடுத்து நிமிர்த்தியதை நான் அருகில் நின்று பார்த்திருக்கிறேன். பீம் அழகாக நிமிர்ந்தது. நூல் பிடித்துப் பார்த்தபோது ஒரு மில்லிமீட்டர் கூட விலகவில்லை. எல்லோருக்கும் மகிழ்ச்சி. சில மாதங்களில் அதே இடத்தில் பீம் மெல்லத் தொய்ந்து, கீழ்ப்பட்டையின் ஓரத்தில் நகக்கீறல் போன்ற விரிசல் தோன்றியது. வாட்டிய இடம் முழுவதும் பதம் இழந்த மெத்து உலோகமாகிவிட்டது. நிமிர்வு மட்டும் மிச்சம் இருந்தது, வலிமை போய்விட்டது. அன்றிலிருந்து, சுமை தாங்கும் அலுமினிய உறுப்பைச் சூட்டில் நிமிர்த்துவதை ஒரு வழியாகவே நான் கணக்கில் எடுப்பதில்லை.

இதே காரணத்தால் தீப்பிடித்த டிரெய்லரைப் பற்றிய விவாதம் சுருக்கமானது. டயர் எரிந்து, நெருப்பு பீமின் மீதோ சுவரின் மீதோ சற்று நேரம் படிந்திருந்தால், உருகாமல் நேராக நிற்கும் பகுதிகளும் பதம் இழந்திருக்கக்கூடும். கையடக்கக் கடினத்தன்மைக் கருவியால் எரிந்த இடத்தையும் எரியாத இடத்தையும் அளந்து ஒப்பிட்டால் வேறுபாடு தெரிந்துவிடும். வேறுபாடு பீமில் தெரிந்தால் அந்தப் பீமைப் பழுது பார்க்க வேண்டாம்.

அளந்த பிறகே பேச்சு

பழுதா மறுகட்டுமானமா என்ற பேச்சைத் தொடங்குவதற்கு முன்பு, வண்டியைக் கழுவி, பின்கதவு, தார்ப்பாய் அமைப்பு, கசங்கிய சுவர்ப் பலகைகள் ஆகியவற்றைக் கழற்றி, சமதளத்தில் நிறுத்தி அளக்க வேண்டும். கிங் பின்னிலிருந்து (டிரெய்லரை இழுவை வண்டியோடு இணைக்கும் முன்பக்க முளை) ஒவ்வொரு ஆக்சிலின் இரு முனைகளுக்கும் உள்ள தொலைவு இடமும் வலமும் ஒன்றாக இருக்க வேண்டும். பாடியின் மூலைவிட்டங்கள் இரண்டும் பொருந்த வேண்டும். முன்பக்கம், நடு, பின்பக்கம் ஆகிய மூன்று இடங்களில் பீம்களின் மீது குறுக்காக மட்டப்பலகை வைத்து, அவை ஒரே தளத்தில் உள்ளனவா என்று பார்க்க வேண்டும். இந்தக் கடைசிச் சோதனையைத்தான் பலர் விட்டுவிடுகிறார்கள். பக்கவாட்டில் விழும் டிரெய்லர் பெரும்பாலும் வளைவதைவிட முறுக்கிக்கொள்கிறது, முறுக்கு நீளவாட்டு நூலில் தெரியாது. முறுக்குள்ள சேசிஸில் பாடியைத் தூக்கினால், அது தூக்கும் ஒவ்வொரு முறையும் ஒரு பக்கமாகச் சாயும். அதாவது முதல் விபத்துக்கு வழிவகுத்த சாய்வு நிரந்தரமாக வண்டிக்குள்ளேயே குடியேறிவிடும்.

பிறகு பின்புறக் கீல்களின் துளைகள் இரண்டும் ஒரே நேர்கோட்டில் இருக்கின்றனவா என்று ஒரே நீளக் கம்பியைச் செருகிப் பார்க்க வேண்டும். ஹைட்ராலிக் சிலிண்டரின் மேல், கீழ் இருக்கைகளையும் அவற்றைச் சுற்றிய தையல்களையும் பார்க்க வேண்டும். தூக்கிய நிலையில் கவிழ்ந்த வண்டியின் தொலைநோக்கிக் குழாய் போன்ற அந்தச் சிலிண்டரை, வெளியே நேராகத் தெரிந்தாலும், கழற்றிப் பிரித்துச் சோதிக்காமல் மறுபடி பயன்படுத்தக் கூடாது, ஏனெனில் அது பக்கவாட்டு விசையைத் தாங்க அமைக்கப்பட்டதே அல்ல.

விரிசலைத் தேடுவதில் ஒரு வேறுபாட்டை நினைவில் வைக்க வேண்டும். எஃகில் பயன்படும் காந்தத் துகள் சோதனை அலுமினியத்தில் செல்லாது. அது காந்தத்துக்கு இசையாத உலோகம். இங்கே சாயம் ஊடுருவும் சோதனைதான் கைகொடுக்கிறது. இடத்தைச் சுத்தம் செய்து, சிவப்புச் சாயத்தைத் தெளித்து, அது ஊறும்வரை காத்திருந்து, துடைத்துவிட்டு, வெள்ளை மாவு போன்ற வெளிப்படுத்தியைத் தெளித்தால், எந்த வெளிச்சத்திலும் தென்படாத விரிசல் அந்த வெண்மையின் நடுவே சிவப்பு மயிரிழையாக எழுந்து வரும். குறுக்குச் சட்டம் பீமோடு சேரும் மூலைகள், சஸ்பென்ஷன் தாங்கிகளின் ஓரங்கள், கிங் பின் தகட்டைச் சுற்றிய தையல்கள் ஆகியவற்றில் இதைச் செய்யாமல் பழுதுச் செலவை எவரும் சரியாக மதிப்பிட முடியாது. சில நேரம் அந்த மயிரிழை விபத்துக்கு முன்பே இருந்த பழைய விரிசலாகவும் இருக்கும். அழுக்கேறிக் கறுத்த விளிம்புகள் அதைக் காட்டிக்கொடுக்கும். அப்படிப்பட்டவை பல கிடைத்தால், விபத்து நடக்காதிருந்தாலும் அந்த வண்டி ஓய்வை நெருங்கிக்கொண்டிருந்தது என்று பொருள். அலுமினியத்துக்கு எஃகைப் போல, ‘இதற்குக் கீழே எத்தனை முறை ஏற்றி இறக்கினாலும் சோர்வடையாது’ என்று சொல்லத்தக்க தகைவு எல்லை கிடையாது. ஓடிய ஒவ்வொரு நடையும் கணக்கில் ஏறிக்கொண்டே இருக்கிறது.

டிரெய்லரின் வகையும் இந்த இடத்தில் முடிவை மாற்றுகிறது. தனிச் சேசிஸ் உள்ள டிரெய்லரில் பாடி பின்புறக் கீல்களால் மட்டுமே அதனோடு இணைந்துள்ளது. ஆகவே பாடி நொறுங்கியும் சேசிஸ் நேராக இருக்கலாம். அதற்கு நேர்மாறாகவும் இருக்கலாம். இரண்டையும் பிரித்து அளந்து தனித்தனியாக முடிவெடுக்க இயலும். சேசிஸ் இல்லாத வகையில் பாடியே முதுகெலும்பு. முன்பக்க இழுவைக் கைகள் வழியாக வரும் விசை முழுவதையும் பாடியின் அடித்தளமும் சுவர்களும் சேர்ந்தே தாங்குகின்றன. அங்கே ‘வெறும் சுவர்ச் சேதம்’ என்று எதுவும் கிடையாது. அரைவட்ட வடிவப் பாடியாக இருந்தால் இன்னும் கடினம். ஒரே வளைவாகச் செல்லும் தகட்டின் நடுவில் ஒரு துண்டை வெட்டி ஒட்டினால், விசை ஓடும் பாதையிலேயே மெத்தான பட்டை ஒன்று உருவாகிவிடும்.

பகுதிப் பழுது

முதுகெலும்பு நேராக இருந்து, சேதம் சுவர், மேல்விளிம்பு, பின்கதவு, முன்சுவர் ஆகியவற்றில் நின்றுவிட்டிருந்தால், பகுதிப் பழுதுதான் பெரும்பாலும் சிறந்த வழி. இதை நான் தயக்கமின்றிச் சொல்வேன். பக்கச் சுவர் அடுக்கடுக்கான நீளப் பலகைகளால் ஆனதாக இருந்தால், கசங்கிய பலகையை அதன் தொழிற்சாலை இணைப்பு வரை முழுவதுமாகக் கழற்றி முழுப் பலகையையே மாற்றலாம். நடுவில் வெட்டி ஒட்டுவதைவிட இது கூடுதல் பொருள் கேட்கும். ஆனால் புதிய தையல் பழைய தையலின் இடத்திலேயே அமைவதால், வடிவமைத்தவர் எதிர்பார்த்த இடத்தில் மட்டுமே மெத்துப் பகுதி இருக்கும். தகட்டுச் சுவராக இருந்தாலும், ஒரு செங்குத்துக் கால் முதல் அடுத்த கால் வரை வெட்டி, தையலைக் காலின் மேலேயே விழச் செய்வதே முறை. வெட்டிய துண்டின் மூலைகளைச் சதுரமாக விடாமல் உருட்டிவிட வேண்டும்; கூரிய மூலை ஒவ்வொன்றும் விரிசலுக்கு விதை.

பீமில் சிறு சேதம் இருந்து அதில் இணைப்புப் போட்டே ஆக வேண்டும் என்றால், மிக அதிகச் சுமை விழும் நடுப்பகுதியையும் சஸ்பென்ஷன் தாங்கிகளுக்கு அருகிலுள்ள இடங்களையும் தவிர்த்து, மேல்பட்டை, நடுத்தகடு, கீழ்ப்பட்டை ஆகியவற்றின் வெட்டுகள் ஒரே குறுக்குக் கோட்டில் விழாதபடி முன்பின்னாகப் போட வேண்டும். வலுவூட்டும் ஒட்டுத் தகட்டின் முனைகளைச் செங்குத்தாக வெட்டாமல் சாய்சதுரமாகக் கூர்த்திவிட வேண்டும். கீழ்ப்பட்டையின் குறுக்கே நேர்த்தையல் போடவே கூடாது. ஒட்டுத் தகட்டின் குறுக்குத் தையலிலிருந்து தொடங்கி, பழுது நடந்த இடத்துக்கு ஒரு கையகலம் தள்ளிப் பீம் முறிவதை இத்தொழிலில் உள்ளவர்கள் அடிக்கடி பார்த்திருப்பார்கள். விரிசலின் முனையில் துளையிட்டு நிறுத்துவது பட்டறைக்கு ஓட்டிவரும் வரைக்கான முதலுதவி மட்டுமே.

கம்பித் தேர்வில் நடக்கும் பிழைகள் அமைதியாகப் பல மாதம் காத்திருந்து வெளிப்படுபவை. சிலிக்கான் கலந்த 4043 கம்பி எளிதாக ஓடும் என்பதால் பலர் எல்லாவற்றுக்கும் அதையே எடுக்கிறார்கள். மெக்னீசியம் மிகுந்த 5083, 5086 தகடுகளில் அது முறியத்தக்க தையலைத் தரும். அங்கே 5356 அல்லது 5183 தேவை. ஆனால் அந்த டிரெய்லர் சுடுதார்க் கலவை ஏற்றுவதாக இருந்தால் 5356-யும் பொருந்தாது. மெக்னீசியம் 3 சதவீதத்துக்கு மேல் உள்ள கலவைகள் 65 டிகிரிக்கு மேற்பட்ட சூட்டில் நீண்டகாலம் இருந்தால் அரிப்போடு சேர்ந்த விரிசலுக்கு ஆளாகின்றன என்பதால், அத்தகைய வண்டிகள் 5454 தகட்டில் கட்டப்படுகின்றன. அவற்றுக்கு 5554 கம்பி உரியது. ஆகவே பட்டறைக்காரர் முதலில் கேட்க வேண்டிய கேள்வி ‘இதில் என்ன சரக்கு ஏற்றுவீர்கள்?’ என்பதாக இருக்க வேண்டும். அதைக் கேட்காமலேயே விலை சொல்பவரிடம் நான் வண்டியை விடமாட்டேன்.

தயாரிப்பு வேலை வெல்டிங்கைவிட நேரம் பிடிக்க வேண்டும். அலுமினியத்தின் மேலுள்ள ஆக்சைடு படலம் 2,000 டிகிரிக்கு மேல்தான் உருகும். அதை நீக்காமல் வெல்டிங் செய்தால் உலோகம் உருகியும் படலம் உருகாமல் தையலுக்குள் சிக்கும். எண்ணெய்ப் பசையும் ஈரமும் ஹைட்ரஜனைக் கொடுத்து, தையலைத் தேன்கூடு போலத் துளைகளால் நிரப்பும். முதலில் அசிட்டோனால் துடைத்து, அதன் பிறகே அலுமினியத்துக்கென்று தனியாக வைத்திருக்கும் துருப்பிடிக்காத எஃகு பிரஷ்ஷால் தேய்க்க வேண்டும். வரிசை மாறினால் பிரஷ் எண்ணெயை உலோகத்துக்குள் தேய்த்து இறக்கிவிடும். வெல்டிங் தொடங்குமுன் ஏபிஎஸ் (சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் பிரேக் அமைப்பு) மின்னணுப் பெட்டியின் இணைப்பைக் கழற்றி, எர்த் கிளாம்பைத் தையலுக்கு அருகிலேயே பிடிக்க வேண்டும். தொலைவில் பிடித்தால் மின்னோட்டம் சக்கரப் பேரிங்குகள் வழியே பாய்ந்து அவற்றில் பொத்தல் போடும்.

மறுகட்டுமானம்

சேசிஸ் வளையாமல் பாடி மட்டும் மொத்தமாகப் போயிருந்தால், அல்லது பாடி நன்றாயிருந்து பீம்கள் முறுக்கியிருந்தால், மறுகட்டுமானம் பேசத்தக்க வழியாகிறது. இதன் கவர்ச்சி, ஆக்சில், ஹப், பிரேக், சஸ்பென்ஷன், டயர், ஹைட்ராலிக் அமைப்பு ஆகியவற்றில் முடங்கியிருக்கும் மதிப்பு. அவை அண்மையில் மாற்றப்பட்டவையாக இருந்தால் அந்த மதிப்பு பெரியது. ஆனால் அவை பழையவையாக இருந்தால், புதிய பாடிக்கு அடியில் தேய்ந்த கால்களைப் பொருத்துகிறோம் என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும்.

மறுகட்டுமானத்துக்கும் பகுதிப் பழுதுக்கும் இடையே உள்ள உண்மையான வேறுபாடு ஜிக். புதிய பீம்களையோ பாடியையோ நேராகப் பிடித்துவைக்கும் உறுதியான படுக்கை இல்லாத பட்டறையில் இதைச் செய்யக் கூடாது. அலுமினியம் சூட்டில் எஃகைவிட ஏறக்குறைய இருமடங்கு விரியும், வெப்பத்தையும் மூன்று மடங்கு விரைவாகக் கடத்தும். ஒரு பக்கத் தையலை முழுவதும் முடித்துவிட்டு மறுபக்கம் போனால், குளிரும்போது பீம் வாழைப்பழம் போல வளைந்து நிற்கும். இடம், வலம், முன், பின் என்று மாறி மாறிக் குறுகிய தையல்களாகப் போட்டு, அவ்வப்போது அளந்து முன்னேற வேண்டும். தொழிற்சாலையிலிருந்து தயாராக வரும் பாடியை வாங்கிப் பழைய சேசிஸில் பொருத்துவது கிடைக்கும் இடங்களில், பட்டறையிலேயே முழுப் பாடியையும் கட்டுவதைவிட அதையே நான் விரும்புவேன். தையல்களில் பெரும்பகுதி கட்டுப்பாடான சூழலில் போடப்பட்டிருக்கும்.

இரண்டு சிதைந்த டிரெய்லர்களின் நல்ல பாதிகளைச் சேர்த்து ஒன்றாக்கும் யோசனை அடிக்கடி வருகிறது. முன்பாதி நொறுங்கிய ஒன்றும் பின்பாதி நொறுங்கிய ஒன்றும் முற்றத்தில் அருகருகே நிற்கும்போது அது மிக இயல்பான யோசனையாகவே தோன்றும். நான் இதற்கு எதிரானவன். இணைப்பு பெரும்பாலும் நடுநீளத்திலேயே விழுகிறது. அங்கேதான் வளைவிசை மிகுதி, அங்கேதான் பாதி வலிமையுள்ள பட்டை ஒன்று முழுச் சுற்றளவுக்கும் ஓடும். இரு வண்டிகளின் கலவையும் தகட்டுத் தடிமனும் ஒன்றுதானா என்பதும், சேர்ந்த வண்டிக்கு எந்தப் பதிவு எண் உரியது என்பதும் கூடுதல் சிக்கல்கள். அடையாள எண் பொறித்த உறுப்பே மாற்றப்படும் எந்த மறுகட்டுமானத்திலும், வேலையைத் தொடங்குமுன் பதிவு அலுவலகத்திலும் காப்பீட்டாளரிடமும் எழுத்தில் ஒப்புதல் பெற வேண்டும். முடித்த பிறகு கேட்டால், ஓட்ட முடியாத நல்ல வண்டி ஒன்று கையில் நிற்கும்.

எஃகுப் பாடியை அலுமினியச் சேசிஸில் வைப்பது மலிவான மாற்றாகச் சொல்லப்படுகிறது. எடை கூடுவது ஒருபுறம். அலுமினியத்தின் விறைப்பு எஃகில் மூன்றில் ஒரு பங்கே என்பதால், கனமான விறைத்த பாடியின் கீழ் மெல்லிய சேசிஸ் வேறு விதமாக வளைந்து, தொடும் இடங்களில் தேயும். இரு உலோகங்களும் நேரடியாகத் தொட்டு இடையில் உப்பு நீர் புகுந்தால் அலுமினியமே அரித்துப்போகும். கீல், சஸ்பென்ஷன் போன்ற தவிர்க்க முடியாத சந்திப்புகளில் மின்கடத்தாத அடுக்கு வைத்துத்தான் பொருத்துகிறார்கள். பாடி முழுவதையும் அப்படிப் பிரித்துவைப்பது நடைமுறையில் நிலைப்பதில்லை.

கழித்துவிட்டு வாங்குதல்

சேசிஸ் இல்லாத வகையில் முறுக்கு வந்திருந்தால், பீம்களை நெருப்பு தொட்டிருந்தால், பழைய சோர்வு விரிசல்கள் பல இடங்களில் தெரிந்தால், கழிப்பதே சரி. இதைத் தோல்வியாகப் பார்ப்பவர்கள் உண்டு. பாகங்களைப் பிரித்து விற்றால் வரும் தொகை பலரின் எதிர்பார்ப்பைவிட அதிகம். அலுமினியத்தை மறுசுழற்சியில் உருக்க, தாதுவிலிருந்து புதிதாக எடுப்பதற்கு ஆகும் ஆற்றலில் ஏறக்குறைய 5 சதவீதமே போதும் என்பதால் அதன் பழைய உலோக மதிப்பு நிலையானது. ஆனால் எஃகு போல்ட்டுகள், கீல்கள், ரப்பர், பெயின்ட் பூசிய துண்டுகள் கலந்த குவியலாகப் போட்டால் விலை இறங்கும். தகடுகளையும் பீம்களையும் தனித்தனியாக அடுக்கி, இரும்பை நீக்கிப் போட்டால் அந்த இரண்டு நாள் உழைப்புக்கு நியாயமான பலன் உண்டு.

அதற்குப் பதிலாகப் பழைய டிரெய்லர் வாங்குவதாக இருந்தால், மேலே சொன்ன அளவுச் சோதனைகள் அனைத்தையும் அந்த வண்டியிலும் செய்ய வேண்டும். வேறொருவர் முற்றத்தில் கவிழ்ந்து, அவசரமாக நிமிர்த்தப்பட்டு, பளபளக்க மெருகேற்றப்பட்ட வண்டியாக அது இருக்கக்கூடும். சொந்த வண்டியின் பழுதையாவது கண்ணால் பார்த்திருக்கிறோம். வாங்கும் வண்டியின் பழுது மெருகுக்கு அடியில் இருக்கிறது. உள்சுவரில் கை வைத்துத் தடவினால் பழைய தையலை அரைத்துச் சமப்படுத்திய இடங்கள் விரலுக்குத் தெரியும்.

செலவைப் பற்றி என் அளவுகோலைச் சொல்கிறேன், இது விதியன்று. எல்லாம் கழற்றி அளந்த பிறகு வந்த பழுது மதிப்பீடு, அதே வயதுள்ள நல்ல டிரெய்லரின் விலையில் பாதிக்குள் இருந்தால் பழுதை நோக்கியும், மூன்றில் இரண்டு பங்கைத் தாண்டினால் கழிப்பை நோக்கியும் நான் சாய்வேன். இடைப்பட்ட நிலையில், வேலையில்லாமல் நிற்கும் நாள்கள் தீர்மானிக்கட்டும். தரமான பகுதிப் பழுது சில வாரங்களில் முடியும். மறுகட்டுமானம் பாகங்கள் வந்து சேர்வதைப் பொறுத்து மாதங்களாக நீளும். அந்த மாதங்களின் வருமான இழப்பை மதிப்பீட்டுத் தாளிலேயே ஒரு வரியாக எழுதினால், மறுகட்டுமானம் முதலில் தோன்றியதைவிடப் பல நேரம் விலை உயர்ந்ததாகத் தெரியும். காப்பீட்டாளர் முழு இழப்பாக அறிவித்துவிட்ட வண்டியைத் திரும்ப வாங்கிப் பழுது பார்ப்பவர்கள், பிறகு அதை விற்கும்போது அந்த வரலாறும் சேர்ந்தே விற்கப்படும் என்பதையும் கழித்துக்கொள்ள வேண்டும்.

எந்தப் பட்டறையிடம் கொடுத்தாலும், எந்தெந்த உறுப்புகள் மாற்றப்படும், எந்தக் கலவைத் தகடு, எந்தக் கம்பி, தையல்கள் எங்கே விழும் என்பவற்றை ஒரு வரைபடத்தில் குறித்து வாங்கிக்கொள்ளுங்கள். அலுமினியத்தில் தேர்வு பெற்ற வெல்டர் யார் என்று கேளுங்கள். அவர் அன்று செய்துகொண்டிருக்கும் வேலையை அருகில் போய்ப் பாருங்கள். தையலின் ஓரங்களில் கரும்புகை படிந்து, பட்டாணிபோல் முடிச்சுகள் இருந்தால், அவருடைய வாயு ஓட்டத்திலோ சுத்தத்திலோ குறை இருக்கிறது.

வேலை முடிந்ததும் காலி வண்டியை எடைபோட்டு, சக்கர நேர்த்தியும் பிரேக்கும் சோதித்து, சமதளத்தில் வெறும் பாடியை முழு உயரத்துக்குத் தூக்கிப் பின்னால் நின்று பாருங்கள். பாடியின் நடுக்கோடு சேசிஸின் நடுக்கோட்டோடு ஒத்துப்போக வேண்டும். பிறகு பாதிச் சுமை, அதன்பின் முழுச் சுமை. முதல் மாதத்தில் வாரம் ஒருமுறை புதிய தையல்களின் முனைகளையும், தையலிலிருந்து ஓர் அங்குலம் தள்ளியுள்ள உலோகத்தையும் கழுவித் துடைத்து விளக்கடித்துப் பாருங்கள். விரிசல் வருவதாக இருந்தால் பெரும்பாலும் அந்த ஓர் அங்குலத்துக்குள்தான் வரும். மெல்லிய கறுப்புக் கோடாக, அதைச் சுற்றிச் சாம்பல் நிறத் தூசு கசிந்திருக்கும்.